அதியமான் அஞ்சியும் அவன் படைவீரரும்

ஆடி மாதம் பிறந்தால் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழா நடக்கிறது. செம்மேட்டில் உள்ள அவன் சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள், விற்போட்டி வைக்கிறார்கள், ஜனங்கள் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, மிளகும் பலாவும் வாங்கிக்கொண்டு மலையிறங்குகிறார்கள். ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து பிராணிகளை வீழ்த்தியவன் என்று புலவர் வியந்த அவ்வள்ளலுக்கு இம்மரியாதை முற்றும் தகும். ஆயினும், அதே கொல்லிக் கூற்றத்தில் தன் படையோடு நின்று பொருது தோற்று, முரசும் குடையும் இழந்து மீண்ட வேறொரு தலைவனை அவ்விழாவில் நினைப்பவர் அரியர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே அத்தலைவன்.

அஞ்சியை அறியாத தமிழர் இல்லை. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லுவான். நமது அபிப்பிராயத்தில் அக்கனி அவன் பெருமையில் பாதியைத்தான் கூறுகிறது. தனக்காக வேல் தாங்கிய மக்களை அவன் எவ்வாறு நடத்தினான், அவன் காலத்தில் புண்பட்டு வீடு திரும்பிய வீரனை யார் காத்தார்கள், களத்தில் மாண்டவன் மனையாளுக்கு என்ன கிடைத்தது என்னும் கேள்விகளை வைத்துக்கொண்டு அவன் சரித்திரத்தைப் பார்ப்பவர் மிகச் சிலர். சைன்யம் வைத்துக்கொண்டிருக்கும் எந்தத் தேசமும் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகையால் இன்று அவன் வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து கூற விரும்புகிறோம்.

தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரி. அதியர் குடி மிகப் பழைய குடி. எங்கிருந்தோ கரும்பைக் கொணர்ந்து தமிழ் நிலத்தில் பயிராக்கியவர்கள் அஞ்சியின் முன்னோர் என்று ஔவையார் பாராட்டுகிறார். இக்குடியைப் பற்றித் தமிழ்நாட்டிற்கு வெளியிலும் ஒரு சாட்சி உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக சக்கரவர்த்தி பொறிப்பித்த இரண்டாம் பாறைச் சாசனம், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்ற ஒரு மரபினரையும் சொல்லுகிறது. இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று பண்டிதர்கள் நெடுங்காலம் வாதித்தார்கள். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், ஒரு குன்றின் குகையில், பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. சத்தியபுத்திர மரபினனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி அக்குகையைத் துறவிகளுக்குப் பள்ளியாக ஈந்தான் என்பது அதன் செய்தி. ஒரே வரியில் வாதம் தீர்ந்தது.

அசோகருடைய அந்தச் சாசனம் எதைப் பற்றியது என்பதை நம் நேயர்கள் கவனிக்க வேண்டும். அது வெற்றியையோ திறையையோ பேசுவதன்று. மனிதருக்கும் பிராணிகளுக்கும் வைத்தியம் ஏற்படுத்தியதையும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நட்டதையும், வழிகளில் கிணறு வெட்டியதையும் பேசுவது. சுதந்திரமாக ஆண்ட அயல் நாடுகளிலும் இது நடைபெற்றதாக அச்சக்கரவர்த்தி கூறுகிறார். ஆக, அதியர் குடி சரித்திரத்தில் முதன்முதல் தலைகாட்டுவதே வைத்தியத்தைப் பற்றிய ஒரு பத்திரத்தில். கரும்பை நட்ட குடி மூலிகையையும் நட்டிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. பெரிய மலையின் பிளவில், எளிதில் ஏற இயலாத இடத்தில் பழுத்த நெல்லிக்கனி ஆயுளை நீட்டும் என்று அறிந்து அதைத் தேடிப் பெற்றவனும், அதன் குணத்தைச் சொல்லாமலே ஔவைக்கு ஊட்டியவனும் அக்குடியிற் பிறந்தவனே. நாள்தோறும் வாளை எதிர்நோக்கி வாழ்ந்தவன் அவன். ஆயுளை நீட்டும் மருந்து அவனுக்குத் தேவையில்லாமலா இருந்தது?

அஞ்சி எப்படிப்பட்ட தலைவன் என்பதை அவன் ஆயுதச்சாலையே கூறும். தொண்டைமான் அவன் மேல் பகை கொண்டிருந்த சமயம் ஔவையார் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டிப் பெருமை கொண்டான். ஔவையார் புகழ்வது போலப் பழித்தார். இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அவர் பேச்சின் கருத்து. இவ்வளவைத்தான் எல்லோரும் எடுத்துக் கூறுவார்கள். அதே பாட்டில் அவர் போகிறபோக்கில் சேர்த்த மற்றொரு செய்தி நமக்கு இதைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுகிறது. அஞ்சியிடம் உணவு இருந்தால் பிறருக்கு அளிப்பான். இல்லாதபோது உள்ள சிறிதை அவர்களோடு உட்கார்ந்து உண்பான். வறியவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் அவன். இதைப் பகைவன் அரண்மனையில் நின்று ஒரு தூதர் சொன்னார் என்றால், அதைப் படைபலத்தின் ஒரு பகுதியாகவே அவர் எண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். தலைவன் தம்மோடு ஒரே கலத்து உணவை உண்பவன் என்று அறிந்த வீரர் போரில் எவ்வாறு நிற்பர் என்பதைத் தொண்டைமான் யோசித்துப் பார்த்திருப்பான்.

அவன் இறந்த பிறகு ஔவையார் புலம்பிய புலம்பலிலும் இதுவே வருகிறது. கள் சிறிதாக இருந்தால் முழுவதையும் தன்னைச் சார்ந்தவர்களுக்கே கொடுத்துவிடுவானாம். மதுவிலக்கில் நாட்டமுள்ள நேயர்களுக்கு இச்செய்தி உவப்பாக இராது. அக்காலத்து வழக்கம் அது என்று விட்டுவிடுவோம். சோறு சிறிதானாலும் பெரிதானாலும் பலருடைய கலங்களில் பகிரப்படும். ஊன் உள்ள இடத்தைப் பிறருக்குக் காட்டுவான். அம்பும் வேலும் நுழையும் இடத்தில் தான் போய் நிற்பான். சேனாதிபதிகளின் தகுதியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அனேகம் உண்டு. அவை இதற்கு மேல் என்ன கூறிவிட்டன?

முன்னே நிற்பவன் புண்படாமல் இருக்க முடியாது. அஞ்சி யானைப் போரில் விழுப்புண் பட்டான். நோயினால் படுக்கையில் மாண்ட அரசரைத் தருப்பைப் புல்லின் மேல் கிடத்தி, வீரர் செல்லும் உலகத்துக்கு அனுப்புவதற்காக வாளால் கீறிப் புதைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அஞ்சியோடு பொருது வீழ்ந்த பகை மன்னர் அந்தப் போலிச் சடங்கிலிருந்து தப்பினார்கள் என்று ஔவையார் பெருமை கொள்ளுகிறார்.

புண்பட்ட சாதாரண வீரனை அக்காலத்தில் காத்தவர் யார் என்பதையும் அன்றைய புலவர்களே தெரிவிக்கிறார்கள். அஞ்சியின் கோவலூர் வெற்றியைப் பாடிய பரணர், சேரன் படையைப் பாடுமிடத்தில், மார்பில் வாள் பிளந்த இடத்தை நீண்ட வெள்ளூசியால் தைத்த தழும்பைப் பற்றிச் சொல்லுகிறார். ஊசி புகுந்து எழுவது சிச்சிலிப் பறவை நீரில் மூழ்கி எழுவது போல் அவருக்குத் தோன்றியது. பஞ்சு வைத்துக் கட்டிய புண்ணோடு நடமாடிய வீரரைப் பற்றிய பாட்டும் இருக்கிறது. புண் தைப்பவனின் வேலை முடிந்த பிறகு வீரன் வந்து சேருவது தன் வீட்டுக்குத்தான். அங்கே பெண்கள் வாயிலில் வேப்பிலையும் இரவ மரத்தின் தழையும் செருகுவார்கள். வெண்கடுகைத் தூவுவார்கள், புகைப்பார்கள். புண்ணின் மேல் மெல்லக் கை வைத்து மருந்து தடவுவார்கள். யாழ் மீட்டி, ஆம்பற்குழல் ஊதி, மணியை அடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடி இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். போர் நடந்த ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் இந்த ஒலி கேட்டதாக மற்றொரு புலவர் சொல்லுகிறார். பேய் அணுகாமல் இருக்கச் செய்த காரியம் என்று இதைச் சிலர் தள்ளிவிடுவர். வேம்புக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டென்பதை இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புகிறது. இசையால் நோவு தணிந்து உறக்கம் வருவதை எந்தத் தாயும் அறிவாள்.

இதே நூற்றாண்டுகளில் தமிழகத்து மிளகை வாங்கப் பொற்காசுடன் கப்பல் அனுப்பிய ரோமாபுரி, தன் சிப்பாய்களுக்கு ரைன் நதிக்கரைக் கோட்டைகளில் தனி வைத்தியசாலைகள் கட்டியிருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பணம் கொடுக்கக் கி.பி. 6-ஆம் ஆண்டில் ஆகஸ்டஸ் தனிக் கஜானா ஏற்படுத்தினார். ஏற்பாட்டில் நாம் அவர்களுக்கு இணையல்லர் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த ரோமாபுரி தன் சிப்பாய் சேவையில் இருக்கும்வரை சட்டப்படி மணம் செய்துகொள்ளக் கூடாது என்று தடுத்தது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அத்தடை நீடித்தது. அவர்களிடம் வைத்தியசாலை இருந்தது, குடும்பத்துக்கு இடமில்லை. நம்மிடம் குடும்பமே வைத்தியசாலையாக இருந்தது. அந்தப் பாரம் முழுவதும் பெண்களின் தலையில் விழுந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

அஞ்சிக்கு மகன் பிறந்தபோது நடந்த ஒரு சம்பவம் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. போர்க்களத்திலிருந்து அவன் நேரே வந்தான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தருகே ஈரம் காயாத புண். தலையில் பனங்குருத்தும் வெட்சியும் வேங்கையும் சூடியிருந்தான். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பகைவரை நோக்கிச் சிவந்திருந்த கண், பெற்ற பிள்ளையை நோக்கியபோதும் சிவப்பு மாறவில்லை. புலியோடு பொருத யானையின் சினம் போல அது தணியாமல் நின்றது. ஔவையார் இதை வீரத்தின் சிறப்பாகப் பாடினார். அருகில் நின்று பார்த்தவர் அவர், பொய் கூறவில்லை. ஆனால் அந்தத் தொட்டிலின் மறுபுறத்தில் ஒரு தாய் இருந்தாள் அல்லவா? கணவன் உயிரோடு வந்துவிட்டான், அவன் கண் இன்னும் களத்திலிருந்து வரவில்லை என்பதை அவள் கண்டிருப்பாள். உடம்பு வீடு திரும்பிய பிறகும் மனம் திரும்பாத இந்த நிலையை உலகம் நோயென்று ஒப்புக்கொள்ள வெகு காலம் ஆயிற்று. முதல் மகா யுத்தத்தில், 1915 முதல், பீரங்கி அதிர்ச்சி என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதே யுத்தத்தில் களத்தை விட்டு ஓடினான், கோழைத்தனம் காட்டினான் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் சுட்டுக் கொன்ற 306 சிப்பாய்களில் இந்நோய்க்கு ஆளானவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது 2006-ல்தான். அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் தங்கள் நோய்ப்பட்டியலில் இதை முறையாகச் சேர்த்தது 1980-ல். தகடூர் அரண்மனையில் அதைக் கண்ணால் கண்டு பாடிவைத்த நாம், பாட்டை மனப்பாடம் செய்தோம். அந்தக் கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

இனி அவன் வீழ்ந்த கதை. மலையமான் திருமுடிக் காரியின் கோவலூரை அஞ்சி வென்றான். அஞ்சிக்கும் சேரனுக்கும் பகை முற்றியது. காரி, கொல்லிமலைத் தலைவனாகிய ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி வீழ்ந்ததும் அவன் ஊர்த் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூக்குரலைக் கபிலர் குறிக்கிறார். பின்னர் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையை எதிர்த்து, அஞ்சியும், இரு பெரு வேந்தரும் சேர்ந்து கொல்லிக் கூற்றத்தில் நின்றார்கள். மூவரும் தோற்றார்கள். சேரன் தகடூரை முற்றுகையிட்டு அதன் மதிலைத் தகர்த்தான். இப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. சில செய்யுட்கள் மட்டும் தப்ப, மற்றவை நம் அசிரத்தையால் அழிந்தன.

வென்ற சேரனைப் பாடியவர் அரிசில்கிழார். அந்தப் பாடல்களுக்கு முகப்பாக அமைந்த பதிகம், குற்றமற்ற மகளிர் அழும்படியாகத் தகடூரை அழித்தவன் என்றே அவனைப் போற்றுகிறது. வெற்றியை அளக்கப் பெண்களின் கண்ணீரை அளவுகோலாகக் கொண்ட காலம் அது. ஆனால், வேம்பு செருகி, யாழ் மீட்டி, வீரனின் புண்ணைக் காப்போம் வாருங்கள் என்று ஒரு மனைவி தன் தோழியை அழைக்கும் பாட்டை இயற்றியவரும் இந்த அரிசில்கிழாரே. சேரன் சிம்மாசனத்தையே பரிசாகக் கொடுத்தபோது அவர் அதை ஏற்கவில்லை. தகடூரில் அவர் என்ன கண்டாரோ!

அஞ்சி மார்பில் வேல் பாய்ந்து மாண்டான். அந்த வேல் பாணரின் பாத்திரத்தையும், இரப்பவர் கையையும், புலவர் நாவையும் சேர்த்துத் துளைத்தது என்று ஔவையார் கதறினார். அவனுக்கு நடுகல் நாட்டினார்கள். பீலி சூட்டி, சிறிய கலத்தில் கள் வார்த்தார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன் இதை ஏற்பானா என்று அவர் அழுதார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அஞ்சியின் வீரர்களுக்கு உணவும் ஆதரவும் கிடைத்ததெல்லாம் அஞ்சி என்ற ஒரு மனிதன் நல்லவனாக இருந்ததனால்தான். அவன் மார்பைத் துளைத்த வேல் அத்தனை குடும்பங்களின் அடுப்பையும் அவித்திருக்கும். உன் பாட்டனைக் காக்க இவன் பாட்டன் வேல்களுக்கு நடுவே நின்று உயிர் விட்டான். ஆகையால் முதலில் இவனுக்குக் கொடுத்துவிட்டு நீ உண் என்று ஔவையார் ஓர் அரசனிடம் பரிந்து பேசியதாக ஒரு பாட்டு உண்டு. மூன்று தலைமுறையாகப் பட்ட கடனை ஒரு புலவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. நினைவூட்ட ஔவை இல்லாத வீரன் என்ன செய்வான்? அஞ்சியிடமும் ஒரு பிழை நேர்ந்தது. தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமல், இதை வாங்கிக்கொண்டு போகச் சொல் என்று அவன் பொருளைக் கொடுத்தனுப்ப, முகம் காணாமல் தந்த பரிசிலுக்கு நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்ற பொருள்பட மறுத்து அப்புலவர் சென்றார். புலவருக்கு மறுக்கும் வசதி இருந்தது. கணவனை இழந்த பெண் எந்த ஜன்னலில் எவ்வளவு நேரம் நிற்கவைத்து எப்படிக் கொடுத்தாலும் வாங்கித்தான் தீர வேண்டும்.

சில நூற்றாண்டுகளுக்குப் பின் இதே வட்டாரத்தில் ஒரு மாறுதலைக் காண்கிறோம். பல்லவர் காலத்திலும் அதற்குப் பின்னும், செங்கம், தருமபுரிப் பக்கங்களில் நிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட வீரருக்கு நட்ட கற்கள் கணக்கிலடங்கா. மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் ஏற்பட்டது. அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்பட்டி என்றும் சொல்லுவார்கள். நெய்த்தோர் என்றால் இரத்தம். கல்லில் வெட்டிய பிறகு அது எந்த மன்னனுடைய மனநிலையையும் பொறுத்ததன்று. அரசன் மாறினாலும் மாண்டவன் மகன் அந்த நிலத்தை உழலாம். அஞ்சியின் அன்பு பெரிது. எனினும் ஒரு சிப்பாயின் குடும்பத்துக்கு உதிரப்பட்டியே மேலானது என்று நாம் துணிந்து கூறுவோம்.

சுதந்திரம் வந்த பின் நமது சர்க்கார் செய்தவற்றில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள் கொண்டாடி, ஜனங்களிடம் நிதி திரட்டுகிறார்கள். இது கொடையின் வழி. ஓய்வு பெற்ற வீரருக்கும் அவர் குடும்பத்துக்கும், அவர்களும் ஒரு பங்கு செலுத்த, வைத்திய வசதி தரும் திட்டம் 2003-ல் தொடங்கியது. இது உரிமையின் வழி. சேவையில் இருப்பவன் குடும்பத்துக்கும் ராணுவ வைத்தியசாலையில் இடமுண்டு. ஆனால் அவ்வைத்தியசாலைகள் சென்னை, வெலிங்டன் போன்ற படை தங்கும் ஊர்களில் இருக்கின்றன. கணவன் எல்லையில் பனிமலை மேல் நிற்க, கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூரில் மாமியாரோடும் கைக்குழந்தையோடும் இருக்கும் பெண் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெலிங்டனுக்கா போவாள்? விடுமுறையில் வந்த கணவன் இரவில் திடுக்கிட்டு எழுந்தால் அவள் யாரிடம் சொல்லுவாள்?

ஆடி விழாவுக்குக் கலெக்டர் முதல் மந்திரிகள் வரை மலையேறுகிறார்கள். வைத்தியர்களும் அங்கே வருகிறார்கள். அந்த நாட்களில் செம்மேட்டில் ஒரு பந்தல் போட்டு, மலையிலும் அடிவாரத்திலும் உள்ள சிப்பாய்களின் மனைவி மக்களை அழைத்து, உடம்பையும் பார்த்து, மனத்திலுள்ளதையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஆண்டு முழுவதும் அவர்கள் சேலத்திலோ நாமக்கல்லிலோ வைத்தியம் பெறச் சீட்டுக் கொடுக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.